கக்கூசுக்குக் கீழே பீலி: செங்கமாரிக்கு யார் பொறுப்பு?



கடந்த மழைக்காலத்தில் ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனில், அடுத்தடுத்த மூன்று காம்பராக்களில் பிள்ளைகளுக்குக் கண் மஞ்சளித்தது. முதலில் ஒரு பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சல், வாந்தி. பிறகு சிறுநீர் கடும் தேத்தண்ணீர் நிறத்தில் போனது. அதே கிழமையில் பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்கும், அதற்கடுத்த காம்பராவில் தாய்க்கும் மகளுக்கும் அதே வருத்தம். லயம் முழுவதும் பயந்து போயிற்று.

மறுநாள் பெரட்டுக்களத்தில் தோட்ட உத்தியோகத்தர் ஒருவர் எல்லோரையும் நிற்க வைத்துப் புத்தி சொன்னார். "ஒங்களுக்குச் சுத்தம் பத்தாது. மொதல்ல கை கழுவப் பழகுங்க. வருத்தம் தானா நிக்கும்."

அன்று பின்னேரம் தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் நாமுமாகப் பீலியிலிருந்து குழாயைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினோம். குழாய் ஒரு சீமெந்துத் தொட்டியில் போய் முடிந்தது. தொட்டிக்கு மூடி இல்லை. உள்ளே இலை, சேறு. தொட்டியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் மேல் லயத்தின் கக்கூஸ் வரிசை. குழி நிரம்பி, மழைத் தண்ணீரோடு வழிந்து, கான் வழியாகத் தொட்டியின் பக்கமாகவே இறங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரைத்தான் கீழ் லயம் குடிக்கிறது. அதில்தான் கை கழுவச் சொல்கிறார்கள்.

இந்தக் கட்டுரையை நாம் எழுதுவது அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்வதற்காக.

கிழமைக் கணக்கே சாட்சி

அந்தப் பிள்ளைகளுக்கு வந்தது ஈரல் அழற்சி 'ஏ' என்று வைத்தியர்கள் சொல்லும் செங்கமாரி. இது ஒரு வைரசினால் வருவது. நோயாளியின் மலத்தோடு வெளியேறி, தண்ணீர் வழியாகவோ உணவு வழியாகவோ கை வழியாகவோ அடுத்தவரின் வாய்க்குப் போகிறது. உடம்புக்குள் போன பிறகு நோய் வெளியே தெரிய இரண்டு கிழமை தொடக்கம் ஆறு கிழமை வரை எடுக்கும். சாதாரணமாக நான்கு கிழமை.

இப்போது கணக்குப் பாருங்கள். கை கழுவாமல் ஒரு பிள்ளையிடமிருந்து மற்றப் பிள்ளைக்குத் தொற்றியிருந்தால், முதல் பிள்ளைக்கும் இரண்டாம் பிள்ளைக்கும் இடையில் இரண்டு, மூன்று கிழமையாவது போயிருக்க வேண்டும். ஒரே கிழமையில் மூன்று காம்பராவிலும் வந்தது என்றால், அத்தனை பேரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே இடத்திலிருந்து நோயை வாங்கியிருக்கிறார்கள். மூன்று காம்பராவுக்கும் பொதுவாக இருந்தது என்ன? பீலி. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு மலை ஏறினால் போதும். பெரட்டுக்களத்தில் புத்தி சொன்னவர் அதைச் செய்யவில்லை.

இந்த நோயைப் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய சில விடயங்கள் உண்டு. களைப்பு, காய்ச்சல், பசியின்மை, வாந்தி, வலது விலாவின் கீழ் வலி, கடும் நிறச் சிறுநீர், பிறகு கண் மஞ்சளித்தல் — இவை அறிகுறிகள். சின்னப் பிள்ளைகளில் பலருக்குக் கண் மஞ்சளிப்பதே இல்லை. ஆனாலும் அவர்களிடமிருந்து மற்றவர்களுக்குத் தொற்றும். மஞ்சள் தெரிவதற்கு முன்பே தொற்றத் தொடங்கிவிடும். இதைக் கொல்லும் மருந்து கிடையாது. ஓய்வும், போதிய நீராகாரமும், சாராயத்தைத் தொடாமையுமே வைத்தியம். பெரும்பாலானோர் முழுமையாகக் குணமடைவர். பனடோல் போன்ற மாத்திரைகளை அளவு கேட்காமல் விழுங்கக்கூடாது; ஈரல் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறது.

கீழாநெல்லி அரைத்துக் குடிப்பவர்களை நாம் ஏளனம் செய்யப் போவதில்லை. ஆனால் கண் மஞ்சளித்தவரை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளிக்கும். அது உயிரைக் குடிக்கும் நோய். அதற்கு மருந்தும் உண்டு. இரண்டில் எது என்பதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

அதே தொட்டித் தண்ணீரில் வரும் மற்றவை நெருப்புக்காய்ச்சலும் வயிற்றுளைவும். நெருப்புக்காய்ச்சல் என்பது நாளுக்கு நாள் ஏறி, ஒரு கிழமை தாண்டியும் விடாத காய்ச்சல். தலைவலி, வயிற்று வலி, மலச்சிக்கல் அல்லது வயிற்றோட்டம் கூட வரும். இதற்குக் கிருமிக்கொல்லி மருந்து உண்டு. காய்ச்சல் விட்டவுடன் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும். சிகிச்சை இல்லாமல் மூன்றாம் கிழமை வரை இழுத்தால் குடலில் ஓட்டை விழவும் இடமுண்டு. பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு பைக்கற் ஜீவனி கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். மலத்தில் இரத்தம் இருந்தாலோ, கண் குழி விழுந்து பிள்ளை சோர்ந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

"தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க" என்பது நல்ல புத்திதான். நாமும் அதையே சொல்கிறோம். நன்றாகக் கொதித்துக் குமிழி எழும்பி ஒரு நிமிடம் நின்றால் இந்தக் கிருமிகள் சாகும். ஆனால் அந்தத் தண்ணீருக்கு விறகு யார் தலையில் வருகிறது? காலையில் பிள்ளைகளை அனுப்பி, பெரட்டுக்கு ஓடி, நாள் முழுவதும் கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும் பெண்ணின் தலையில். தொட்டிக்கு ஒரு மூடி போடுவதும் குளோரின் இடுவதும் நிர்வாகத்தின் வேலை. அந்த வேலை நடக்காதபோது அதன் பாரம் விறகுக்கட்டாக மாறி நமது பெண்களின் தலைக்கு ஏறுகிறது.

நூறு வருடத்துக்கு முந்திய பாடம்

"தோட்டத்துச் சனம் நோய்ச் சனம்" என்ற பேச்சு இன்று நேற்று வந்ததல்ல. கோப்பிக் காலத்தில் நமது முன்னோர் மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தபோது வாந்திபேதியிலும் அம்மையிலும் காய்ச்சலிலும் வழி நெடுக விழுந்தார்கள். அதைப் பார்த்தவர்கள் "கூலிகள் நோயைக் கொண்டுவருகிறார்கள்" என்று எழுதி வைத்தார்கள். குடிக்கத் தண்ணீரும் தங்க நிழலும் இல்லாத பாதையில் நடக்க விட்டவர்கள் யார் என்று எழுதவில்லை. பிறகு மண்டபம் முகாமில் நம்மவர்களைத் தடுத்து வைத்து, அம்மை குத்தி, மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டித்தான் கப்பல் ஏற்றினார்கள். முகாமில் அத்தனை கவனம். இங்கே வந்து இறங்கிய லயத்தில் ஒரு கக்கூஸ் இல்லை.

1916 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. கொக்கிப்புழு மலத்திலிருந்து மண்ணுக்கு வந்து, வெறுங்காலைத் துளைத்து உடம்புக்குள் ஏறி, குடலில் தொங்கி இரத்தத்தை உறிஞ்சும். ஆள் வெளுத்து, மூச்சு வாங்கி, மலை ஏற முடியாமல் போவான். துரைமார் அதைச் சோம்பேறித்தனம் என்றார்கள். மன்றத்தார் வந்து மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. சில மாதத்தில் அதே ஆட்களுக்குத் திரும்பவும் புழு. ஏன்? கக்கூஸ் கட்டப்படவில்லை. அதே மண், அதே வெறுங்கால். மருந்து மட்டும் போதாது, மலம் மண்ணில் சேராமல் தடுக்க வேண்டும் என்று மன்றத்தாரே சொல்ல நேர்ந்தது. கக்கூசுக்குச் செலவழிக்கத் தோட்டங்கள் பல தயங்கின.

இதற்கு நாலு வருடம் முன்னதாகவே, 1912 ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமான நிலையில் வைத்திருப்பது தோட்டத் துரையின் கடமை என்று வெள்ளைக்காரனே எழுதி வைத்த சட்டம் அது. தோழர்களே, அந்தக் கடமையைத் தொழிலாளியின் கையில் சவர்க்காரத்தைக் கொடுத்துவிட்டுக் கழற்றிக்கொள்ள முடியாது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. துரைமார் மாறினார்கள், பெயர்ப்பலகை மாறியது. கக்கூசுக்குக் கீழே பீலி மாறவில்லை.

மலையிலும் கானிலும்

லயத்தை விட்டு வேலைத்தலத்துக்கு வருவோம். எலிக்காய்ச்சல் வயலில் மட்டும் வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீரில் இருக்கும் கிருமி ஈரமான மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் உயிரோடிருந்து, தோலில் உள்ள வெட்டு, கீறல் வழியாக உள்ளே போகிறது. கான் வெட்டுபவர், புல் வெட்டுபவர், மழையில் சேற்றில் நின்று கொழுந்து பறிப்பவர், இறப்பர்த் தோட்டத்தில் ஈரத்தில் நடப்பவர் எல்லோருக்கும் இது வரலாம். அட்டைக் கடியும் செடி கிழித்த கீறலும் இல்லாத கால் நம்மில் யாருக்கு உண்டு? 2008 ஆம் ஆண்டு மட்டும் இந்த நாட்டில் 7,000க்கு மேற்பட்ட எலிக்காய்ச்சல் நோயாளர்கள் பதிவானார்கள். மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை போன்ற மாவட்டங்களில் இந்த நோய் அதிகம். இவை தோட்டங்கள் உள்ள மாவட்டங்கள்தான்.

திடீர்க் காய்ச்சல், பொறுக்க முடியாத தலைவலி, கெண்டைக்காலிலும் இடுப்பிலும் கடும் நோவு, கண் சிவத்தல் — இவற்றோடு சிறுநீர் குறைந்தால் தாமதிக்கக்கூடாது. சிறுநீரகம் பழுதாகிறது என்பதற்கு அது அடையாளம். ஆஸ்பத்திரிக்குப் போனதும் "நான் கான் வெட்டினேன், சேற்றில் வேலை செய்தேன்" என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் உயிரைக் காக்கும். ஆரம்பத்திலேயே கொடுத்தால் கிருமிக்கொல்லி மருந்து நன்றாக வேலை செய்யும். எந்தக் காய்ச்சலுக்கும் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். டெங்காக இருந்தால் அந்த மாத்திரையே இரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

ஆபத்தான காலங்களில் கிழமைக்கு ஒரு முறை எடுக்கும் தடுப்பு மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் இலவசமாகப் பெறலாம். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் வைத்தியரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. வயல்காரர்களுக்கு இந்த மாத்திரை போய்ச் சேருகிறது. கான் வெட்டும் நமது ஆட்களுக்கு ஏன் பெரட்டுக்களத்தில் கொடுக்கக்கூடாது? சப்பாத்தும் கையுறையும் ஏன் கொடுக்கக்கூடாது? பகல் சாப்பாட்டுக்கு மலையில் உட்காரும் பெண்களுக்குக் கை கழுவ ஒரு வாளித் தண்ணீராவது வைத்த மலை எத்தனை? மறைவிடம் உள்ள மலை எத்தனை? கை கழுவப் பழகச் சொல்பவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

காம்பராவுக்குள்ளே

காசநோய் காற்றில் வருவது. இருமும்போதும் தும்மும்போதும் வெளிவரும் கிருமி, காற்றோட்டமில்லாத அறையில் நெடுநேரம் மிதந்து நிற்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. ஒரு சிறு ஜன்னல், அதுவும் குளிருக்காகச் சாக்கு வைத்து அடைத்தது. உள்ளே அடுப்புப் புகை. தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். ஒருவர் இருமினால் அனைவரும் சுவாசிக்கிறோம். கொரோனாக் காலத்தில் "வீட்டிலேயே தனி அறையில் தனிமைப்பட்டு இருங்கள்" என்று வானொலியில் சொன்னபோது லயத்துக்குள் எழுந்த கசப்பான சிரிப்பை நாம் மறக்கவில்லை.

இரண்டு கிழமைக்கு மேல் இருமல், பின்னேரக் காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு, சளியில் இரத்தம் — இவற்றில் எது இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்யுங்கள். பரிசோதனையும் மருந்தும் அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையங்களில் இலவசம். ஆறு மாதம் மருந்து எடுக்க வேண்டும். சரியான மருந்து தொடங்கிச் சில கிழமைகளில் பெரும்பாலானோரிடமிருந்து நோய் பரவுவது நின்றுவிடும். ஆகவே நோயாளியின் கோப்பையை ஒதுக்கி வைப்பதும், சம்பந்தம் பேசிய வீட்டில் மறைப்பதும் தேவையற்றவை. மறைப்பதால்தான் பரவுகிறது. இரண்டாம் மாதம் இருமல் நின்றதும் மருந்தை விட்டால், அடுத்த முறை அந்த மருந்துக்கு அடங்காத கிருமி வரும்.

ஆனால் ஏன் விடுகிறார்கள்? மருந்துக்குப் போன நாளுக்குப் பெயர் விழாது. பஸ் காசு வேறு. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாளுக்கு 60 ரூபா வரவுக் கொடுப்பனவு இருந்தது. மாதத்தில் 75 வீத நாட்கள் வேலைக்கு வந்தவருக்குத்தான் அது. காய்ச்சலில் பாயில் கிடந்தவர் அந்த நாட்சம்பளத்தையும் இழந்து, மற்ற நாட்களின் 60 ரூபாவையும் இழந்தார். ஆகவே காய்ச்சலோடு மலைக்குப் போனார். இருமலோடு பெரட்டில் நின்றார். அந்த ஒப்பந்தம் போய்விட்டது; அந்தப் பழக்கம் போகவில்லை. நோயாளியை வேலைக்கு வரச்செய்யும் சம்பள முறையும் நோயைப் பரப்பும் ஒரு காரணம்தான்.

நமது பக்கத்துக் குற்றம்

நிர்வாகத்தை மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பிக்கொள்ளக் கூடாது. சம்பளப் போராட்டத்துக்கு வீதிக்கு இறங்கிய தொழிற்சங்கங்கள், நாமும் உட்பட, ஒரு தண்ணீர்த் தொட்டிக்காக எத்தனை முறை வேலையை நிறுத்தியிருக்கிறோம்? சந்தாக் கணக்குப் பார்க்க வருடத்தில் பல முறை தோட்டம் ஏறும் நாம், பீலிக்கு மேலே எத்தனை முறை ஏறினோம்? தேர்தல் காலத்தில் கூரைத் தகரம் வாங்கிக் கொடுத்துக் கைதட்டு வாங்கிய தலைவர்களை நாம் கேள்வி கேட்டோமா?

வீட்டிலும் நமது கடமை உண்டு. கக்கூஸ் போன பின்னும், சோறு ஆக்கும் முன்னும், பிள்ளைக்கு ஊட்டும் முன்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவோம். குடிதண்ணீரைக் கொதிக்க வைத்து மூடி வைப்போம். பிள்ளையின் மலத்தைக் கானில் வீசாமல் கக்கூசில் போடுவோம். எலி வரும்படி மிச்சச் சோற்றை இஸ்தோப்பில் விடாதிருப்போம். சிரட்டையும் யோகட் கோப்பையும் மழைத் தண்ணீர் பிடித்து நுளம்பு வளர்க்கவிடாதிருப்போம். பகலில் ஜன்னலைத் திறந்து வைப்போம். பிள்ளைகளுக்கு எல்லாத் தடுப்பூசியும் போடுவோம். இவற்றை நாம் செய்வது நமது பிள்ளைகளுக்காக. இவற்றைக் காட்டி நிர்வாகம் தனது கடமையைத் தட்டிக் கழிக்க இடம்கொடுக்க மாட்டோம்.

நாம் கேட்பது

1. குடிதண்ணீர் எடுக்கும் ஊற்றுக்கும் தொட்டிக்கும் மேலே உள்ள கக்கூஸ் குழிகளை இடம் மாற்ற வேண்டும். மாற்றும் வரை வேறு தண்ணீர் தர வேண்டும்.

2. ஒவ்வொரு தொட்டிக்கும் மூடியும் வேலியும் வேண்டும். ஒழுங்காகச் சுத்தம் செய்து குளோரின் இட வேண்டும். தண்ணீர்ப் பரிசோதனை முடிவைத் தமிழில் பெரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும்.

3. கான் வெட்டுபவர்களுக்குச் சப்பாத்தும் கையுறையும் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையும், ஒவ்வொரு மலையிலும் கை கழுவத் தண்ணீரும் மறைவிடமும் வேண்டும்.

4. காசநோய்ச் சிகிச்சைக்குப் போகும் நாளுக்கும், தொற்று நோயால் வைத்தியர் ஓய்வு சொன்ன நாளுக்கும் பெயர் போட வேண்டும்.

5. 2018 இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டங்களுக்குள் சேவை செய்யச் சபைகளுக்கு இருந்த தடை நீங்கிவிட்டது. "தோட்டம் எங்கள் எல்லைக்கு வெளியே" என்ற பதிலை இனி எந்தச் சபையிலும் ஏற்கமாட்டோம். பாதையைச் செப்பனிடுங்கள், 1990 அம்புலன்ஸ் லயம் வரை வரட்டும்.

ஒரே லயத்தில் இரண்டு பேருக்கு ஒரே வருத்தம் என்றால் காத்திருக்காதீர்கள். தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள்; தலைவர் அன்றைக்கே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பிரதியைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். எழுத்தில் இல்லாத முறைப்பாடு காற்றோடு போய்விடும்.

அந்த மேல் டிவிசனிலும் அப்படித்தான் செய்தோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார், தொட்டியைப் பார்த்தார். தொட்டி கழுவப்பட்டது, குளோரின் இடப்பட்டது, ஒரு தகர மூடியும் வந்தது. பிள்ளைகள் சுகமாகிப் பள்ளிக்கூடம் போகிறார்கள். கக்கூஸ் வரிசை மட்டும் இன்னும் தொட்டிக்கு மேலேயே நிற்கிறது. "மதிப்பீடு போட்டிருக்கிறோம்" என்கிறார்கள்.

அடுத்த மழை மதிப்பீட்டுக்காகக் காத்திருக்காது. இந்த மடலை வாசித்து முடித்ததும் உங்கள் பீலியின் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரு தரம் மேலே ஏறிப் பாருங்கள். கண்டதை எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். எல்லா டிவிசன்களிலிருந்தும் அந்தக் கடிதங்கள் வந்து சேரட்டும். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சுவார்த்தை மேசைக்குப் போவோம்.